நாற்புறமும் சமமான வாழ்த்து

பிறந்தநாள் வாழ்த்து அட்டையைக் கையால் செய்பவர்களில் பெரும்பாலோர் முன்பக்கத்தில் இருந்துதான் தொடங்குகிறார்கள். என்ன படம், என்ன நிறம், பெயரை எங்கே எழுதுவது என்றெல்லாம் யோசித்து, வெட்டி, ஒட்டி, காயவைத்து முடித்த பிறகே, இதை எதில் போட்டு அனுப்புவது என்ற கேள்வி எழுகிறது. நீள்சதுர அட்டையாக இருந்தால் இந்த வரிசையில் பெரிய தொல்லை இல்லை. அதற்கேற்ற உறை எங்காவது கிடைத்துவிடும். சதுர அட்டைக்கு அப்படி இல்லை. அதன் உறை அளவு, எடை, கனம், மேல்பக்கம் எது என்னும் குழப்பம் ஆகிய எல்லாமே தபாலில் தனிக் கேள்விகளாக வந்து நிற்கும். ஆகவே நான் சதுர அட்டையை எப்போதும் உறையிலிருந்து தொடங்கி, பின்னோக்கி நடந்து, படத்தை வந்தடைகிறேன். இந்தக் கட்டுரையும் ஏறக்குறைய அதே வழியில்தான் போகிறது.

இத்தனை தொல்லை இருக்கும்போது சதுரம் எதற்கு என்று கேட்கலாம். நீள்சதுரத் தாள் நம் கைக்கு வந்த உடனேயே ஒரு முடிவை நம்மீது சுமத்திவிடுகிறது: நிமிர்த்தி வைத்தால் உயரமான பொருளைத் தேடுகிறோம், படுக்க வைத்தால் அகலமான காட்சியைத் தேடுகிறோம். சதுரத்தில் அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஒரு பூ, ஒரு எண், ஒரு பெயர் என்று ஒற்றைப் பொருளை நடுவில் வைத்துவிட்டு, சுற்றிலும் வெற்றிடத்தை அப்படியே விட்டுவிடலாம். அந்த வெற்றிடம் நான்கு பக்கமும் ஒரே அளவாக இருப்பதால், அது நிரப்ப மறந்த இடமாகத் தோன்றாது. ஓவியப் பயிற்சி இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய சலுகை. ஆனால் சலுகைக்கு ஒரு விலையும் உண்டு. நீள்சதுரத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய வெட்டினால் யாருக்கும் தெரியாது. சதுரத்தில் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

தாளின் உலகமும் தபாலின் உலகமும் நீள்சதுரத்துக்காகவே கட்டப்பட்டவை என்பதை முதலில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் அன்றாடம் புழங்கும் ஏ4 தாள் 297 மி.மீ. நீளமும் 210 மி.மீ. அகலமும் கொண்டது, நீளத்தை அகலத்தால் வகுத்தால் ஏறக்குறைய 1.414, அதாவது இரண்டின் வர்க்கமூலம். இந்த விகிதத்தில் உள்ள தாளைப் பாதியாக மடித்தால் கிடைக்கும் தாளுக்கும் அதே விகிதம் இருக்கும் என்பதை ஜெர்மானிய அறிஞர் லிச்டன்பர்க் 1786-ஆம் ஆண்டு எழுதிய ஒரு கடிதத்திலேயே குறிப்பிட்டிருக்கிறார். 1922-இல் ஜெர்மனியில் அது தாள்களின் தர அளவாக வகுக்கப்பட்டது. பின்னர் பெரும்பாலான நாடுகள் அதை ஏற்றுக்கொண்டன. ஏ4 தாளை இரண்டு முறை மடித்தால் உள்ளே போகும் சி6 உறை 162-க்கு 114 மி.மீ.; அதற்கும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான். தாள், மடிப்பு, உறை ஆகிய மூன்றும் ஒரே குடும்பமாக இருக்க, சதுரம் மட்டும் அழைப்பில்லாமல் வந்த விருந்தாளியைப் போல வாசலில் நிற்கிறது.

இதை அதிகம் உணர்வது தபால் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இயந்திரங்கள்தாம். பெட்டியிலிருந்து கொட்டப்படும் கடிதங்களை முதலில் கையாளும் இயந்திரம், ஒவ்வொன்றையும் அதன் நீளமான விளிம்பின்மேல் நிற்கவைத்து, பட்டைகளுக்கு நடுவே வேகமாக ஓடவிட்டு, அஞ்சல்தலை எந்த மூலையில் இருக்கிறது என்று தேடுகிறது. பல நாடுகளின் அஞ்சல்தலைகளில் புற ஊதா ஒளியில் ஒளிரும் பூச்சோ மையோ இருப்பது இதற்காகத்தான். தலை கிடைத்ததும் உறையை நேராகத் திருப்பி முத்திரை குத்தி, முகவரியைப் படிக்கும் பகுதிக்கு அனுப்பிவிடும். நீளமான விளிம்பின்மேல் நிற்கும் உறைக்கு இருக்கக்கூடிய நிலைகள் நான்கே: முன்பக்கமா பின்பக்கமா, நேரா தலைகீழா. சதுர உறைக்கு நீளமான விளிம்பு என்று ஒன்று இல்லாததால் அது எந்த விளிம்பிலும் நிற்கும், நிலைகள் எட்டாகிவிடும். அவற்றில் பாதியில் முகவரி பக்கவாட்டில் கிடக்கும். தவிர, ஓட்டத்தில் சதுர உறை எளிதில் புரண்டுவிடவும் கூடும். அதனால் இயந்திரம் அதை ஒதுக்கித் தள்ளிவிட, யாரோ ஒருவர் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சதுர உறைக்குச் சில நாடுகளில் கூடுதல் கட்டணம் கேட்பது இந்தக் கைவேலைக்காகத்தான். அதை அநியாயம் என்று நான் நினைத்ததில்லை.

ஒவ்வொரு நாடும் இதை ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது. அமெரிக்க அஞ்சல் துறையில் உறையின் நீளத்தை உயரத்தால் வகுத்தால் வரும் எண் 1.3-க்குக் குறையாமலும் 2.5-க்கு மேற்போகாமலும் இருக்க வேண்டும்; சதுரத்துக்கு அது 1 என்பதால், எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இயந்திரத்துக்கு ஒவ்வாத கடிதமாகக் கணக்கிட்டுக் கூடுதல் கட்டணம் வாங்குகிறார்கள். இதற்கென்றே 2010-இல் மோனார்க் வண்ணத்துப்பூச்சி படம் போட்ட தனி அஞ்சல்தலையை வெளியிட்டார்கள். வாழ்த்து அட்டை நிறுவனங்களும் அத்தகைய உறைகளில் தலை ஒட்டும் மூலையில் வண்ணத்துப்பூச்சியின் நிழலுருவை அச்சிட்டு, இதற்குச் சாதாரணத் தலை போதாது என்று வாங்குபவருக்கு உணர்த்துகின்றன. விதியைச் சொல்லப் படத்தைப் பயன்படுத்திய அந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஜெர்மனியில் வேறு வழி: அங்கே மிகக் குறைந்த கட்டணத்தில் போகும் கடிதம் 140 முதல் 235 மி.மீ. வரை நீளமும் 90 முதல் 125 மி.மீ. வரை அகலமும் கொண்டிருக்க வேண்டும். இதைச் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். சதுரத்தின் பக்கம் ஒரே நேரத்தில் 140-க்குக் குறையாமலும் 125-க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்றால், அப்படி ஒரு சதுரமே உலகில் கிடையாது. பிரிட்டனில் இந்தச் சங்கடமெல்லாம் இல்லை; உறை 240-க்கு 165 மி.மீ. அளவுக்குள்ளும் 5 மி.மீ. கனத்துக்குள்ளும் 100 கிராம் எடைக்குள்ளும் அடங்கினால், அது என்ன வடிவமாக இருந்தாலும் சாதாரணக் கடிதம்தான்.

இந்த எண்களையெல்லாம் அருகருகே எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கான அளவு கிடைத்தது. நாடுவிட்டு நாடு போகும் கடிதத்துக்கு நீளம் குறைந்தது 140 மி.மீ. இருக்க வேண்டும் என்பது சர்வதேச அஞ்சல் விதி. எந்தச் சதுரமும் அடங்காத ஜெர்மனியின் அந்த மலிவு வகையை விட்டுவிட்டால், மேல் எல்லைகளில் மிகச் சிறியதாக நான் கண்டது அமெரிக்காவின் ஆறேகால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைந்த அளவு, அதாவது 155.5 மி.மீ.; அதைத் தாண்டினால் அங்கே கடிதம் என்ற வகையையே விட்டுப் பெரிய உறை என்ற வகைக்குப் போய்விடும். ஆகவே 140-க்கும் 155-க்கும் இடையில் பக்கம் கொண்ட உறை அநேகமாக எங்கும் செல்லுபடியாகும். சதுர அட்டைகளில் பரவலாகக் காணப்படும் 148 மி.மீ. அட்டைக்கான உறை இந்த இடைவெளியின் மேல் நுனியில் நிற்கிறது. சிறிய அட்டைகள் கைக்குள் அடங்கும் அழகு உடையவைதாம். ஏ4 தாள் ஒன்றில் 105 மி.மீ. அட்டை இரண்டு கிடைக்கும் என்பதால் சிக்கனமும் கூட. ஆனால் அவற்றின் உறை கீழ் எல்லைக்கு எட்டாது. அவற்றை நேரில் கொடுக்க மட்டும் வைத்துக்கொள்கிறேன், அல்லது எல்லைக்குள் வரும் பெரிய உறைக்குள் போட்டு அனுப்புகிறேன்.

நான் நிலைகொண்ட அளவு 135 மி.மீ. அட்டையும் 142 மி.மீ. உறையும். அதற்குக் காரணம் உறை செய்யும் விதத்தில் இருக்கிறது.

சதுர உறைக்கு மிக எளிய வழி, ஒரு சதுரத் தாளை வைரம் போலத் திருப்பி வைத்து, நான்கு முனைகளையும் நடுவை நோக்கி மடிப்பது. ஏ4 தாளை 210 மி.மீ. சதுரமாக வெட்டினால் அதன் முனையிலிருந்து நடுப்புள்ளி வரை 148.5 மி.மீ. வரும். நான்கு முனைகளும் நடுவில் சரியாகத் தொட்டுக்கொள்ளும்படி மடித்தால் உள்ளே 148.5 மி.மீ. சதுரம் கிடைக்கும், ஆனால் மடிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாததால் பசை தடவ இடம் இருக்காது. 148 மி.மீ. அட்டைக்கு ஏ4 தாளில் உறை செய்ய முடியாது என்பதன் காரணம் இதுதான். உள்சதுரத்தை 142 ஆகக் குறைத்தால் ஒவ்வொரு முனையும் நடுவைத் தாண்டி 6.5 மி.மீ. போகும்; அடுத்தடுத்த மடிப்புகள் விளிம்போரத்தில் ஏறக்குறைய 9 மி.மீ. அகலத்துக்கு ஒன்றையொன்று மூடும். 6 மி.மீ. அகலமுள்ள இருபக்க டேப் ஒட்ட அது தாராளம். இப்படிக் கிடைக்கும் 142, சர்வதேசக் கீழ் எல்லையான 140-ஐத் தாண்டி நிற்பது தற்செயல்தான் என்றாலும், அதைக் கண்டுகொண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சிறியதல்ல.

செய்முறையில் ஒரே ஒரு நுணுக்கம்தான் உண்டு. கெட்டியான அட்டையில் 142 மி.மீ. சதுரம் ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டு, அதைத் தாளின் நடுவில், அதன் மூலைகள் தாளின் விளிம்புகளை நோக்கி இருக்குமாறு வைக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு மூலைக்கும் தாளின் விளிம்புக்கும் இடையில் 4.6 மி.மீ. மிஞ்சும். அந்த இடத்தை அப்படியே விட்டு மடித்தால் மூலையில் தாள் கசங்கி மொத்தையாகிவிடும். ஆகவே விளிம்பிலிருந்து அந்த மூலைவரை ஆங்கில எழுத்து ‘வி’ வடிவத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்துவிட வேண்டும். வெட்டு, மூலைப்புள்ளியில் சரியாக நிற்க வேண்டும். உள்ளே ஒரு மயிரிழை போனாலும் உறையின் மூலையில் ஓட்டை விழும், அந்த ஓட்டையில்தான் பயணத்தின்போது அட்டையின் முனை வெளியே எட்டிப்பார்க்கும். நான்கு வெட்டுகள் முடிந்ததும், அட்டைச் சதுரத்தின் ஓரமாகவே விரலால் தாளை மடித்தால் கோடு போட வேண்டிய வேலைகூட இல்லை. பக்கவாட்டு முனைகள் இரண்டையும் முதலில் மடித்து, கீழ்முனையை அவற்றின்மேல் ஒட்டி, மேல்முனையைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கையால் உறை செய்வது வீண்வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. பிரிட்டனில் 1840-க்கு முன்பு கடிதக் கட்டணத்தைத் தூரத்தோடு தாள்களின் எண்ணிக்கையையும் வைத்துக் கணக்கிட்டார்கள்; உறை போட்டால் அதுவும் ஒரு தாளாகக் கணக்கில் ஏறிவிடும். அதனால் கடிதத்தையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்புறத்தில் முகவரி எழுதி அனுப்புவது வழக்கமாக இருந்தது. 1840-இல் எடையை மட்டும் பார்க்கும் ஒரு பென்னி தபால் வந்தபிறகே உறை பரவலானது. தொடக்கத்தில் அவற்றைக் கையால்தான் மடித்தார்கள். 1845-இல் எட்வின் ஹில், வாரன் டி லா ரூ ஆகிய இருவரும் உறை மடிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். அச்சிட்டு விற்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவரால் வெளியிடப்பட்டது. அந்த மலிவுத் தபாலைக் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். வாழ்த்து அட்டை என்ற பொருளே தபால் கட்டணத்தின் பிள்ளை என்று சொன்னால் மிகையாகாது.

இனி அட்டைக்கு வருவோம். 135 மி.மீ. சதுர அட்டைக்கு 270-க்கு 135 மி.மீ. அளவில் ஒரு பட்டை வேண்டும். நடுவில் மடித்தால் அட்டை. ஏ4 தாளில் ஒரு பட்டைதான் கிடைக்கும், அதுவும் பெரும்பாலும் தவறான இழையோட்டத்தில். இயந்திரத்தில் தயாராகும் எல்லாத் தாளுக்கும் இழைகள் ஒரு திசையில் ஓடும். அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் மடிப்பு வழவழப்பாக விழும். குறுக்கே மடித்தால், குறிப்பாகக் கனமான தாளில், மடிப்பின் முதுகில் வண்ணம் உதிர்ந்து வெள்ளை இழைகள் தலைகாட்டும். கடையில் வாங்கும் ஏ4 அட்டைத்தாள்களில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகிறது. நம் மடிப்போ அகலவாக்கில் விழுகிறது. திசையை அறியத் தாளை மடிக்காமல் இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பார்த்தால் போதும். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவின் அச்சுக்கு இணையாகத்தான் இழைகள் இருக்கும்.

நீளவாக்கில் இழையோடும் ஏ3 தாள் கிடைத்தால் இந்தத் தொல்லை ஒரே அடியில் தீர்ந்துவிடும். அதன் அளவு 420-க்கு 297 மி.மீ. பட்டையின் 270-ஐ 297-இன் பக்கமாகவும் 135-ஐ 420-இன் பக்கமாகவும் வைத்தால், ஒரு தாளில் மூன்று பட்டைகள் கிடைக்கும். மூன்றின் மடிப்பும் இழைக்கு இணையாகவே விழும். வெட்டுவதற்குக் கத்திரிக்கோலை நம்புவதில்லை. உலோக ஸ்கேலும் புதிய பிளேடு போட்ட கட்டரும் வைத்து, ஒரே அழுத்தில் வெட்டிவிட முயலாமல், மெல்லிய இழுப்புகளாக இரண்டு மூன்று முறை இழுப்பேன். வெட்டிய பிறகு மடித்த அட்டையின் நான்கு பக்கங்களையும் அளந்து பார்ப்பது போதாது, சாய்ந்த சதுரத்துக்கும் நான்கு பக்கமும் சமம்தான். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளக்க வேண்டும், 135 மி.மீ. சதுரத்துக்கு இரண்டும் 191 மி.மீ. அருகே வந்து, முக்கியமாக ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும்.

மடிப்புக்கு முன் கோடு அழுத்துவது இந்த வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா இதற்கு அருமையான கருவி. பட்டையை ஒரு மெத்தென்ற பழைய நாளிதழ் அடுக்கின்மேல் வைத்து, சரியாக 135-இல் ஸ்கேலைப் பிடித்து, பேனா முனையால் மேலிருந்து கீழாக ஒருமுறை மென்மையாகவும், அதே தடத்தில் இன்னொரு முறை சற்று அழுத்தியும் இழுக்க வேண்டும். தாள் கிழியாமல் அமுங்கும். மறுபக்கத்தில் அதே இடத்தில் ஒரு மெல்லிய மேடு எழும்பும். பள்ளமாக இருக்கும் பக்கம் உள்ளே போக வேண்டும் என்றுதான் கை நினைக்கும். அதற்கு நேர்மாறாக, மேடு எழுந்த பக்கம் உள்ளே வரும்படி மடிக்க வேண்டும். அப்படி மடித்தால் உள்பக்க இழைகள் அந்த மேட்டுக்குள் ஒதுங்கிக்கொள்ள, வெளிப்பக்க இழைகள் இழுபட்டு அறுந்துபோகாமல் தப்பிக்கின்றன. மடித்ததும் மேலே ஒரு வெற்றுத்தாளைப் போட்டு, கரண்டியின் முதுகால் ஒருமுறை தேய்த்துவிட்டால் மடிப்பு படிந்துவிடும். வெறும் தாளின்மேல் நேரடியாகத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளப்பாகி, வெளிச்சத்தில் கோடாகத் தெரியும்.

எடைக் கணக்கை இந்தக் கட்டத்திலேயே போட்டுவிடுவது நல்லது. பல நாடுகளில் கடிதக் கட்டணத்தின் முதல் படி 20 கிராம். தாளின் ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டரின் கிராம் எடை என்பதால், தராசு இல்லாமலே கணக்கிடலாம். 300 ஜிஎஸ்எம் அட்டையில் நம் பட்டை 10.9 கிராம், 120 ஜிஎஸ்எம் தாளில் உறை 5.3 கிராம்; உள்ளே எழுதுவதற்கு ஒட்டும் 80 ஜிஎஸ்எம் தாள் 2.8 கிராம். மொத்தம் 19 கிராம் ஆகிவிட்டது. அஞ்சல்தலைக்கும் டேப்புக்கும் முன்பக்க அலங்காரத்துக்கும் சேர்த்து மிஞ்சியிருப்பது ஒரே கிராம். முன்பக்கத்தில் இன்னொரு அட்டைச் சதுரத்தை ஒட்டினால் எல்லை உடைந்துவிடும். ஆகவே அலங்காரம் அதிகம் வேண்டும் என்றால் 250 ஜிஎஸ்எம் அட்டைக்கு இறங்கிவிடுவேன். அதில் ஏறக்குறைய 2 கிராம் மிச்சமாகும், விறைப்பும் அவ்வளவு குறைந்துவிடாது. அதற்கும் கீழே போனால் அட்டை மேசைமேல் நிற்காமல் மெல்லச் சரியும்.

அலங்காரத்தைப் பற்றி எனக்குக் கறாரான அபிப்பிராயங்கள் உண்டு. கடிதம் உருளைகளுக்கு நடுவே அழுந்திப் போகும் பொருள் என்பதை மறந்துவிட்டு ஒட்டப்படும் எதுவும் எனக்கு உறுத்தலாகவே தெரிகிறது. சட்டைப் பொத்தான், மரத்துண்டு, உலோகக் கொக்கி போன்றவை உறையின் ஓரிடத்தை மட்டும் மேடாக்கி, இயந்திரத்தில் சிக்கி, உறையைக் கிழிக்கும். தன் உறையை மட்டுமல்ல, பின்னால் வரும் இன்னொருவருடைய கடிதத்தையும். ஸ்பாஞ்ச் டேப் வைத்துப் படத்தைத் தூக்கிக் காட்டலாம். ஆனால் ஒரு அடுக்கோடு நிறுத்திவிட்டு, அதை நடுவில் வைத்து, சுற்றிலும் சரிவாக விட வேண்டும். ரிப்பன் வேண்டும் என்றால் முடிச்சுப் போடாமல் தட்டையாக ஒட்டலாம். மினுமினுக்கும் ஜரிகைப் பொடியை மட்டும் நான் மன்னிப்பதில்லை. அதைப் பெறுபவர் உறையைத் திறந்த நாளிலிருந்து வாரக்கணக்கில் தரைவிரிப்பிலும் சட்டையிலும் அதைப் பொறுக்கிக்கொண்டிருப்பார். பிறந்தநாள் அன்று ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய வேலை அது இல்லை.

தாளை வெட்டி உருவங்களை அடுக்குவது, அட்டையை அழுத்திப் புடைப்புச் செய்வது, நூலால் தைப்பது ஆகிய மூன்றும் தபாலுக்குத் தோதானவை. தையல் எனக்கு உகந்தது. ஊசியால் முதலில் துளைகளைக் குத்திக்கொண்டு, பிறகு நூலைக் கோத்தால் தாள் கிழியாது. துளைகளுக்கு இடையில் 3 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி வேண்டும், இல்லையென்றால் தாள் அஞ்சல்தலை போலத் துளைவரிசையில் பிய்ந்து வந்துவிடும். பின்பக்கம் தெரியும் நூல் முடிச்சுகளை, உள்ளே ஒட்டும் எழுத்துத்தாள் மறைத்துவிடும். அந்த எழுத்துத்தாளை அட்டையைவிட இரண்டு மில்லிமீட்டர் உள்ளடங்கி வெட்டி, மடிப்போரத்தில் மட்டும் ஒரு மெல்லிய பட்டையாக ஒட்ட வேண்டும். முழுப்பரப்பிலும் நீர்ப்பசை தடவினால் தாள் ஈரத்தில் விரிந்து அலையலையாகிவிடும், காய்ந்த பிறகும் அந்த அலை போகாது.

எழுத்துத்தாளைத் தனியாக வைப்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. வாழ்த்தை எழுதிய பிறகே அதை ஒட்டுகிறேன். பல மணிநேரம் செலவழித்துத் தைத்த அட்டையின்மேல் பேனாவை வைக்கும்போது கை தயங்குகிறது. அந்தத் தயக்கத்தில்தான் ‘பல்லாண்டு வாழ்க’ என்பதோடு நிறுத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். தனித்தாளில் எழுதும்போது அந்தப் பயம் இல்லை. பெறுபவர் சென்ற ஆண்டு செய்த ஒரு காரியத்தை, அவரோடு பேசிய ஒரு பேச்சை, அவருக்கு மட்டுமே புரியும் ஒரு கேலியை எழுத முடிகிறது. சரிவராவிட்டால் இன்னொரு தாள்.

உறைமேல் எழுதுவது வேறுவகையான எழுத்து. முகவரியை நீர்பட்டால் கலையாத மையில் எழுத வேண்டும். பல ஜெல் பேனாக்களின் மை ஒரு மழைத்துளியிலேயே ஓடிவிடும், சாதாரண பால்பாயின்ட் தாங்கும். கருநீலம், கரும்பச்சை போன்ற அடர்நிற உறைகள் கைக்கு அழகாக இருந்தாலும், முகவரியைப் படிக்கும் இயந்திரத்துக்கு எழுத்துக்கும் தாளுக்கும் இடையில் வேறுபாடு தெரிய வேண்டும். அப்படிப்பட்ட தாள்தான் வேண்டுமென்றால் வெள்ளைத்தாளில் முகவரி எழுதி ஒட்டிவிடுவது மேல். அஞ்சல்தலை வலதுபக்க மேல்மூலையில், முகவரி அதற்குக் கீழே நடுவில், அடிவிளிம்பை ஒட்டி 15 மி.மீ. அளவுக்கு எதுவும் எழுதாத வெற்றிடம். பட்டைக்குறியீடு அச்சிடப்படும் இடம் அது.

சதுர உறையில் இந்த ஒழுங்கு மிகவும் முக்கியம், ஏனென்றால் மேல்பக்கம் எது என்று சொல்ல உறையின் வடிவம் உதவாது. தலையும் முகவரியும்தான் சொல்ல வேண்டும். வைர மடிப்பு உறையில் பின்பக்கமும் நான்கு திசையிலும் ஒன்றுபோலவே தெரியும். ஒருமுறை கவுண்டரில் இருந்த பெண்மணி, தலை ஒட்டாத உறையை இப்படியும் அப்படியுமாகத் திருப்பிவிட்டு, “சார், இதுல மேல்பக்கம் எது? நீங்களே சொல்லிடுங்க” என்றார். முகவரியைப் பிறகுதான் எழுத நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு திறப்பு மடிப்பு எப்போதும் மேலே வருமாறு உறையைப் பிடித்து, முகவரியை எழுதிய பிறகே வீட்டைவிட்டுக் கிளம்புகிறேன். முடிந்தவரை பெட்டியில் போடாமல் கவுண்டரில் கொடுத்து, கையால் முத்திரை குத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். எல்லா இடத்திலும் செய்வார்கள் என்று சொல்ல முடியாது. செய்தாலும் அடுத்த ஊரில் அது இயந்திரத்துக்குள் போகக்கூடும். ஆனாலும் எடையையும் கட்டணத்தையும் அங்கேயே சரிபார்த்துக்கொள்ள முடிகிறது. தலை குறைவாக ஒட்டிய வாழ்த்துக்குப் பெறுபவர் பணம் கட்டி வாங்க நேர்வதைவிடச் சங்கடமான பிறந்தநாள் பரிசு வேறு இருக்க முடியாது.

நாள் கணக்கில் நான் தாராளமாகவே நடந்துகொள்கிறேன். கையால் தரம்பிரிக்கப்படும் உறை மற்றக் கடிதங்களைவிடத் தாமதமாகலாம் என்பதால், வழக்கமாக ஆகும் நாட்களோடு இன்னும் சில நாட்களைச் சேர்த்துக்கொள்வேன். முன்கூட்டியே போய்ச் சேர்ந்தாலும் குற்றமில்லை. திறப்பு மடிப்பின்மேல் பிறந்த தேதியைச் சிறிதாக எழுதி, ‘அன்று திறக்கவும்’ என்று போட்டுவிடுகிறேன். சிலர் கீழ்ப்படிகிறார்கள். சிலர் உறை கைக்கு வந்த நிமிடத்திலேயே கிழித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள்.

புதிய வடிவமைப்பு எதையும் மற்றவருக்கு அனுப்பும் முன் என் முகவரிக்கே ஒன்றை அனுப்பிப் பார்ப்பது வழக்கம். திரும்பி வரும் உறையில் படிக்க நிறைய இருக்கும். உருளை அழுத்திய இடத்தில் உறையின் வெளிப்புறத்தில் சாம்பல்நிறக் கோடு விழுந்திருந்தால், உள்ளே அந்த இடத்தில் கனம் கூடிவிட்டது என்று பொருள். மூலைகள் மழுங்கியிருந்தால் உறைக்கும் அட்டைக்கும் இடையில் விட்ட இடம் அதிகம். அட்டை உள்ளே ஓடி ஓடி இடித்திருக்கிறது. 135-க்கு 142 என்று 7 மி.மீ. இடைவெளி வைத்திருப்பது தட்டையான அட்டைக்குச் சரி. ஸ்பாஞ்ச் டேப் வைத்த அட்டைக்கு அந்த இடைவெளியில் ஒரு பகுதியைக் கனமே எடுத்துக்கொள்வதால், உறை திறப்பில் விம்மி நிற்கும். அதற்கு மட்டும் ஏ3 தாளில் 220 மி.மீ. சதுரம் வெட்டி, உள்சதுரத்தை 146 ஆகப் பெரிதாக்கிக்கொள்கிறேன்.